இடது பக்கத்துக் கட்டம்

பாலிகஞ்ச், கல்கத்தா
8-11-1998

மதிப்புக்குரிய டாக்டரம்மா நீலாவதி அவர்களுக்கு,

கலியன் எழுதுவது. எழுத்து கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கிப் போகும். சிலது நெல்லிக்காய் அளவு, சிலது கடுகு அளவு. மன்னிக்க வேண்டும். கிதிர்பூர் துறைமுக டாக்கில் முப்பத்தோரு வருடம் மூட்டை பிடித்த கை இது. பேனா அதற்கு எடை போதவில்லை. இந்த ஒரு பக்கத்துக்கு வியாழக்கிழமையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இதை நானேதான் எழுதுகிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை. உங்கள் ஆராய்ச்சிச் சம்மதத் தாளில் நான் கைநாட்டு வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் படித்தேன். லேக் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிறுதோறும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பேத்தி அனன்யாவைக் கொண்டுபோய் விட்டு வாசலில் காத்திருப்பேன். ஸ்ரீனிவாசராகவன் சார் என்று ஆடிட் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர் பாடம் எடுக்கிறார். ஒருநாள் வெளியே வந்து, "ஏன் ஓய், கொசுவுக்கு ரத்தம் குடுத்துண்டு உட்கார்ந்திருக்கீர்? உள்ளே வாரும்" என்றார். அறுபத்தெட்டு வயதில் ஏழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கையில் தமிழ்ப் பேப்பர் இருந்தால் பின்பக்கத்தைப் படித்துவிடுகிறேன். அனன்யாவுக்கு இன்னும் பாதி எழுத்து வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சேலம் போகும்போது, "மூணு வருஷம் முடியறவரைக்கும் நான் அடைச்ச இந்த ரெண்டு பல்லையும் வேற எந்த டாக்டரும் தொடக் கூடாதுய்யா. நாற்பது பேர்ல பாதிப் பேர் ஓடிட்டா என் உழைப்பெல்லாம் வீண்" என்றீர்கள். யாரும் தொடவில்லை. அக்டோபரில் இரண்டரை வருடப் பரிசோதனைக்குப் போனேன். பல் காலேஜில் உங்கள் இடத்தில் வந்திருக்கும் ஹரீஷ் டாக்டர், "தாது, ஹா கொருன்" என்றார். தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் இங்கே பிறந்து வளர்ந்ததால் பெங்காலிதான் வாயில் வருகிறது. தாது என்றால் தாத்தா; நானும் வாயைத் திறந்தேன். மூன்று நிமிடம் பார்த்தார். மார்க் போட்ட அட்டையை எட்டிப் பார்த்தேன். ஏ, பி, சி மூன்றும் எனக்குத் தெரியும். இடது பல்லுக்கு நிறம், ஓரம், தேய்மானம் எல்லாவற்றிலும் ஏ. வலது பல்லுக்கு இரண்டு பி. "இடது பக்கம் போட்ட மருந்துதான் ஜெயிக்கிறது" என்றார்.

அங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். நான் இடது பக்கம் மென்றே பல மாதம் ஆகிறது. ரத யாத்திரை சமயத்தில் இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. காரம் பட்டால் எரியும். அதனால் சோறு, ரொட்டி, பொரி எல்லாமே வலது பக்கம்தான். கைனிப் புகையிலை அடக்குவதைக்கூட வலது பக்கம் மாற்றிவிட்டேன். வேலை செய்யாத பல் தேயாமல் இருப்பதற்கு மார்க் கொடுப்பது நியாயமா? ஹரீஷ் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெயரை வெட்டிவிடுவாரோ என்று பயம். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆராய்ச்சி ஆள்,
கலியன்


சேலம்
19-11-1998

அன்புள்ள கலியன் ஐயா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் நம்பவில்லை. மருத்துவமனையில் எல்லோரிடமும் காட்டினேன். மிகவும் சந்தோஷம்.

நீங்கள் உண்மையைச் சொன்னது எனக்குப் பெரிய உதவி. உங்களுக்கு ஆரம்பத்தில் சரியாக விளக்கியிருக்க வேண்டும். இடது பல்லில் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தது ஒரு வகைப் பிசின். வலது பல்லில் வைத்தது கண்ணாடித் தூள் கலந்த சிமெண்ட், விலை குறைவு. இரண்டும் பல்லின் நிறத்தில்தான் இருக்கும். எது அதிக நாள் உழைக்கும் என்பதுதான் கேள்வி. ஒரே ஆளின் வாயில் இரண்டையும் வைத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே சோறு, ஒரே எச்சில், ஒரே கடி. எந்தப் பக்கம் எது என்பதைக்கூட நாணயத்தைச் சுண்டிப் போட்டுத்தான் முடிவு செய்தோம். ஒரு பக்கம் மட்டும் மென்றால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும்.

ஆகையால் இன்றுமுதல் தயவுசெய்து இரண்டு பக்கமும் மெல்லுங்கள். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், நாற்பது பேரில் இப்போது இருபத்தாறு பேர்தான் மிச்சம். மார்ச் 10ஆம் தேதி மூன்றாம் வருடப் பரிசோதனை. அதுவரை பல்லை யாரும் தொட வேண்டாம்.

புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளியுங்கள். கைனியை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ஹரீஷிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
நீலாவதி


பாலிகஞ்ச்
6-12-1998

மதிப்புக்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். நான்கு தடவை. எனக்கென்று தபால்காரர் கொண்டுவந்த முதல் கடிதம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி மறுநாளே இடது பக்கம் மெல்ல ஆரம்பித்தேன். பத்து நாள் மென்றேன். மருமகள் சகுந்தலா தட்டை எடுக்க வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இது என்ன தட்டுல?"

"பீட்ரூட்டும்மா."

"நான் இன்னிக்கு பீட்ரூட்டே செய்யல."

மகன் முருகானந்தம் ரயில்வேயில் சிக்னல் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் கரியாஹாட் நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் பார்த்துவிட்டு, இந்தப் பல்தான் கன்னத்தைக் குத்துகிறது, பிடுங்கிவிடலாம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். "அது காலேஜ் பல்லுங்க. என் வாயில இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் சிரித்தார். முருகானந்தம் சிரிக்கவில்லை. ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்.

இரண்டு வாரம் ஆயிற்றே என்று ஹரீஷ் டாக்டரிடம் காட்ட காலேஜுக்கும் போனேன். அவர் பரீட்சை லீவாம். சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா பாபு என் அட்டையைப் பார்த்து, உங்கள் தேதி மார்ச் 10 என்றுதானே இருக்கிறது, அன்றைக்கு வாருங்கள் என்றார். சரியான பதில்தான். நானும் படித்துப் பார்த்தேன், மார்ச் 10 என்றுதான் இருந்தது.

கைனியை விட்டாயிற்று. முன்பு வாய்க்குள் மூன்று விரல் போகும். இப்போது இரண்டு போவதே கஷ்டம். சங்கத்தில் பாடம் ஒப்பிக்கும்போது எனக்கு வாய் திறக்கவில்லை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். கழுத்தில் இடது பக்கம் ஒரு கொட்டை மாதிரி உருளுகிறது, வலியில்லை.

உப்புநீர் தினம் மூன்று வேளை கொப்பளிக்கிறேன். இரண்டு பக்கமும் மெல்லுவதைத் தொடரட்டுமா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
கலியன்


சேலம்
14-12-1998

கலியன் ஐயா,

இந்தக் கடிதத்தை முருகானந்தத்தோடு சேர்ந்து படியுங்கள்.

மெல்ல வேண்டாம். இடது பக்கம் எதையும் வைக்க வேண்டாம். ஆராய்ச்சியை மறந்துவிடுங்கள். பல்லை யார் வேண்டுமானாலும் தொடலாம், பிடுங்கலாம், உடைக்கலாம். நான் முன்பு சொன்னதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ரத யாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜூன். நான் பதில் எழுதியது நவம்பர். ஐந்து மாதமாக ஆறாத புண்ணுக்கு இரண்டு வாரம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். மெல்லுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். புண்ணைப் பற்றி மூன்று வரி.

இதோடு ஓர் ஆங்கிலக் கடிதம் மடித்து வைத்திருக்கிறேன். காலேஜில் எங்கள் பிரிவுக்குப் போகாதீர்கள். முதல் மாடியில் வாய் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நேராக அங்கே போய் இதைக் கொடுங்கள். உங்கள் தேதி எப்போது என்று யார் கேட்டாலும் இன்றைக்கு என்று சொல்லுங்கள்.

தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

நீலாவதி


பாலிகஞ்ச்
3-1-1999

மதிப்புக்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் வந்த மறுநாளே போனோம். கன்னத்தில் ஊசி போட்டு, துவரம்பருப்பு அளவு சதை எடுத்தார்கள். எட்டு நாள் கழித்து ரிசல்ட். பெரிய டாக்டர் முருகானந்தத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் போய்த் தண்ணீர் குடித்தான். சுவரில் தமிழில் எதுவும் இல்லை, படித்துக்கொண்டிருக்க. ஆனால் அவன் முகத்தைப் படிக்க எனக்கு வாத்தியார் தேவையில்லை.

கான்சர் என்றான். இடது தாடையைப் பல்லோடு எடுப்பார்கள், கன்னத்தையும் எடுப்பார்கள், கழுத்துக் கொட்டையையும் எடுப்பார்கள். தொடைச் சதையை வைத்துத் தைப்பார்கள். ஜனவரி 21ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா, நான் பெரிய டாக்டரிடம் ஒன்று கேட்டேன். மார்ச் 10 வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். மூன்று வருடம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. இருபத்தாறு பேரில் நான் ஒருவன். பல் போய்விட்டால் இடது பக்கம் எதைப் பார்ப்பார்கள்? அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் முருகானந்தம் கத்தினான். "உனக்கு என்னப்பா பைத்தியமா? அந்தம்மா ஒரு பல்லுக்காக உன்னை அடமானம் வாங்கியிருக்கா?" என்றான். அவனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு விவரம் தெரியாது.

எனக்கு இதுவரை யாரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை. டாக்கில் எங்கள் மேஸ்திரி சர்தார் எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். நீங்கள்தான் அட்டையைக் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் ஐயா, உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்றீர்கள். நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள், தெரியும். ஆனால் அது பயத்தில் எழுதியதா, யோசித்து எழுதியதா என்று எனக்குத் தெரியவில்லை. நிதானமாக ஒரு தடவை எழுதுங்கள். நீங்கள் சொல்லும்வரை 21ஆம் தேதிக்குச் சரி என்று சொல்லவில்லை.

கலியன்


சேலம்
9-1-1999

கலியன் ஐயா,

நிதானமாகவே எழுதுகிறேன். 21ஆம் தேதிக்குச் சரி என்று உடனே சொல்லுங்கள். உங்கள் பெயரை நானே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் காத்திருக்க இனி எதுவும் இல்லை.

நீங்கள் என்னை நம்புவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் அட்டையில் ஏழு கட்டம் இருக்கிறது. நிறம், ஓரம், ஓரத்தின் கறை, தேய்மானம், வடிவம், வழவழப்பு, புதுச் சொத்தை. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். ஏழில் ஒன்றுகூட கன்னத்துக்கு இல்லை, நாக்குக்கு இல்லை. ஒரு நிரப்புப் பொருள் இன்னொன்றைவிட எத்தனை மைக்ரான் குறைவாகத் தேய்ந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

போன மார்ச்சில் இரண்டாம் வருடப் பரிசோதனையை நானேதான் செய்தேன். இடது பல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியால் உங்கள் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தேன். அந்தக் கண்ணாடிக்குக் கீழே என்ன இருந்தது என்று நேற்று முழுவதும் நினைத்துப் பார்த்தேன். இந்த நோய்க்கு முன்னால் வரும் வெள்ளைத் திட்டு ஏதாவது இருந்ததா? எனக்கு நினைவில்லை. பல் நினைவிருக்கிறது. அதன் போட்டோகூட என்னிடம் இருக்கிறது.

நான் 23ஆம் தேதி அங்கே வருகிறேன். நான் வருவதற்காக எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம்.

நீலாவதி


சேலம்
20-2-1999

அன்புள்ள கலியன் ஐயா,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வந்தது உங்களுக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் வார்டில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். கண் மூடியிருந்தீர்கள். கையில் ஆரஞ்சுப் பை வைத்திருந்தேன். மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு ஆரஞ்சு வாங்கிவந்த டாக்டர் நான். சகுந்தலாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் முருகானந்தம் நின்றிருந்தார்.

"மூணு வருஷமா எங்கப்பா வாயைத் திறந்து திறந்து பார்த்தீங்களே மேடம். என்னதான் பார்த்தீங்க?" என்றார்.

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.  அன்று மாலையே ஹௌரா வந்து ரயில் ஏறிவிட்டேன். நீங்கள் கண் விழிக்கும்வரை இருந்திருக்க வேண்டும்.

ஹரீஷுக்குக் கடிதம் எழுதி, மிச்சமிருக்கும் இருபத்தைந்து பேரையும் மார்ச்சுக்குக் காத்திருக்காமல் கூப்பிடச் சொன்னேன். பல்லைப் பார்க்காதே, முதலில் கன்னத்தையும் நாக்கின் கீழேயும் பார் என்று எழுதினேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். இருவருக்கு வெள்ளைத் திட்டு இருக்கிறது. ஒருவர் டிராம் டிப்போவில் வேலை செய்பவர், இன்னொருவர் ஜாதவ்பூரில் மீன் விற்கும் அம்மா. இருவருக்கும் ஆரம்ப நிலை, பிழைத்துவிடுவார்கள்.

கட்டுரையில் உங்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். எங்கள் புரொபசர், பொருளுக்குச் சம்பந்தமில்லை, எடுத்துவிடு என்கிறார். அவர் திருத்தி அனுப்பிய அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே 'பரிசோதனைக்கு வரவில்லை' என்று இருக்கிறது. விலகியவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே வார்த்தைதான் வழக்கம். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் கட்டுரை வராது.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத விருப்பமில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

நீலாவதி


பாலிகஞ்ச்
14-3-1999

மதிப்புக்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

நீங்கள் வந்தது தெரியும். கண் மூடியிருந்தேன், தூங்கவில்லை. உங்கள் குரல் கேட்டது. அப்போது முகத்தைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆரஞ்சை அனன்யா சாப்பிட்டாள்.

முருகானந்தம் கேட்டதை மனதில் வைக்காதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். அப்புறம் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி. வெள்ளைத் திட்டு இருந்த அந்த இருவர் விஷயத்தில் நீங்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். மீன் விற்கும் அம்மாவை எனக்குத் தெரியும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கெளுத்தி விலை சொல்வாள். அவளுக்கு வாய் பிழைத்தது நல்லது. அந்த வாய் இல்லாவிட்டால் ஜாதவ்பூர் மார்க்கெட்டே வெறிச்சோடிவிடும்.

எனக்குப் பேச்சு வரவில்லை. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். அனன்யாவுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராததால் நான் எழுதுவதை மெனக்கெட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். 'கஞ்சி சூடு' என்று படிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அதற்குள் ஆறிவிடுகிறது.

மார்ச் 10ஆம் தேதி நான் போனேன்.

சகுந்தலா கூட வந்தாள். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். சீட்டுக் கொடுக்கும் பாபு அட்டையைப் பார்த்து, சரியான தேதி என்றார். ஹரீஷ் டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "தாது, ஆப்னி கேனோ ஏஷேச்சேன்?" என்றார். ஏன் வந்தீர்கள் என்று. நோட்டில் வலது பல் இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. சகுந்தலா சொன்னாள். வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கும். அந்தப் பிள்ளை குனிந்து, வலது கன்னத்தை ஒதுக்கி, முதலில் உள்ளே எல்லாம் பார்த்தார். பிறகுதான் பல்லைப் பார்த்தார். ஓரம் உடைந்திருக்கிறது, சி போட்டார். எல்லாச் சோற்றையும் அது ஒன்றே மென்றது, பாவம்.

இடது பக்கத்துக் கட்டங்களுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.  பிறகு 'வரவில்லை' என்பதற்குப் போடும் குறியைப் போடப் போனார். உங்கள் கடிதத்தில் படித்ததால் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். ஏழு கட்டத்தின் மேலும் குறுக்கே தமிழில் எழுதினேன்:

கலியன் வந்தான். பல் நன்றாகத்தான் இருந்தது. கன்னத்தை யாரும் பார்க்கவில்லை.

எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஹரீஷ் டாக்டர் அவசரப்படுத்தவில்லை. என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சகுந்தலா படித்துச் சொன்னாள். அவர் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அந்த அட்டையைத் தபாலில் உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எதில் கையெழுத்துப் போடுவது என்பது உங்கள் இஷ்டம். உங்கள் மூன்று வருடத்தை வீணாக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் வரவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கூப்பிட்ட எல்லாத் தேதிக்கும் வந்தேன்.

கழுத்தில் மறுபடி ஒரு கொட்டை. இந்தத் தடவை வலது பக்கம். சகுந்தலாவிடம் இன்னும் காட்டவில்லை. முருகானந்தத்திடம் இன்று எழுதிக் காட்டிவிடுவேன், உங்களைப் போல நானும் தள்ளிப்போடக் கூடாது. நாளைத் திங்கட்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அவர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுத நான்கு நாள் பிடிக்கும், அதனால் செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
கலியன்